ஒளியும் தாவரத்தின் நோய் எதிர்ப்பும்

க.பொ.த. (சாதாரண தரம்) – விஞ்ஞானம், விவசாயமும் உணவுத் தொழினுட்பமும் ஆகிய பாடங்களுக்கான துணை வாசிப்பு



"தாவரங்களுக்கு ஒளி ஏன் அவசியம்?" என்று கேட்டால் வகுப்பில் எல்லோரும் ஒரே குரலில் "ஒளித்தொகுப்புக்கு" என்பீர்கள். விடை சரி. ஆனால் அது பாதி விடை. ஒரு தாவரம் தன்னை நோயிலிருந்து காத்துக்கொள்வதிலும் ஒளிக்குப் பெரும் பங்கு உண்டு. பயிர் நோய்கள் என்ற அலகைப் படிக்கும்போது இந்தப் பங்கைப் பலர் கவனிப்பதில்லை. கட்டுரை வினாவில் "காரணம் தருக" என்று வந்தால் புள்ளிகள் போவது இங்கேதான்.

நான் ஒரு கலைப் பட்டதாரி. விஞ்ஞானச் சொற்களைக் கண்டால் உங்களுக்கு வரும் பயம் எனக்கும் இருந்தது. ஆகவே எனக்கு விளங்கிய வழியிலேயே உங்களுக்கும் சொல்லித் தருகின்றேன்.

இப்பாடத்தின் முடிவில் நீங்கள்,
- நோய் முக்கோணியில் ஒளி எங்கே இடம்பெறுகின்றது எனக் கூறுவீர்கள்.
- ஒளி தாவரத்தின் பாதுகாப்பைக் கூட்டும் வழிகளை விளக்குவீர்கள்.
- ஒளி தாவரத்தில் ஏற்படுத்தும் விளைவையும் நோயாக்கியில் ஏற்படுத்தும் விளைவையும் வேறுபடுத்துவீர்கள்.
- நாற்றுமேடையிலும் தேயிலைத் தோட்டத்திலும் இந்த அறிவைப் பிரயோகிப்பீர்கள்.

(நட்சத்திரக் குறி * இடப்பட்ட பகுதிகள் மேலதிக அறிவுக்கானவை. அவற்றை மனனம் செய்ய வேண்டியதில்லை. ஒருமுறை விளங்கி வாசித்தால் போதும்.)

1. ஒரு நாற்றுமேடையின் கதை

நான் சாதாரண தரம் படித்த வருடம் எங்கள் வீட்டில் மிளகாய் நாற்றுமேடை போட்டோம். வெய்யில் சுட்டுவிடும் என்று மாமரத்தின் கீழே மேடை அமைத்தார் அப்பா. காலையும் மாலையும் நீர் ஊற்றுவது என் வேலை. விதைகள் நன்றாகவே முளைத்தன. நாற்றுக்கள் விறுவிறுவென்று உயர்ந்தன. "பார், எவ்வளவு வேகமாக வளருது" என்று நான் பெருமைப்பட்டேன்.

மூன்றாம் கிழமை ஒரு காலையில் பார்த்தால், மேடையின் நடுவில் ஒரு பாய் அளவுக்கு நாற்றுக்கள் சாய்ந்து கிடந்தன. தண்டு மண்மட்டத்தில் நீர் ஊறி மெலிந்திருந்தது. நாலைந்து நாட்களில் பாதி மேடை போய்விட்டது. விதை கடனுக்கு வாங்கியது. "விதை பிழை" என்று அப்பா விதை விற்றவருடன் சண்டைக்கும் போனார். அந்தப் போகம் அரைவாசி நிலத்தில்தான் மிளகாய் நட்டோம்.

விதையில் பிழை இல்லை. அது அடியழுகல் நோய். பித்தியம் முதலிய, மண்ணில் வாழும் நோயாக்கிகளால் ஏற்படுவது. நாற்றுக்கள் "வேகமாக வளர்ந்தது" என்று நான் நினைத்ததும் உண்மையில் வளர்ச்சி அல்ல. ஒளி போதாமல் தண்டு நீண்டு மெலிந்தது. நிழல், ஈரம், நெருக்கம் மூன்றையும் நாங்களே நோயாக்கிக்கு ஏற்படுத்திக் கொடுத்திருந்தோம். இதை நான் பின்னர் படித்துத்தான் அறிந்தேன். நீங்கள் இப்போதே அறிந்து வையுங்கள்.

2. நோய் முக்கோணி

ஒரு பயிரில் நோய் ஏற்பட மூன்று காரணிகள் ஒரே வேளையில் அமைய வேண்டும்.

(அ) நோய்க்கு உட்படக்கூடிய விருந்து வழங்கி (தாவரம்)
(ஆ) தாக்கும் வன்மையுள்ள நோயாக்கி (பங்கசு, பற்றீரியா, வைரசு முதலியன)
(இ) நோய்க்குச் சாதகமான சூழல்

ஒளி ஒரு சூழற் காரணி. ஆகவே அது (இ) இல் அடங்கும். ஆனால் அங்கேயே நின்றுவிடாது, மற்ற இரு மூலைகளையும் தொடும்.

முதலாம் வழி: ஒளி தாவரத்தில் விளைவை ஏற்படுத்தி அதன் எதிர்ப்பை மாற்றும்.
இரண்டாம் வழி: ஒளி நேரடியாக நோயாக்கியைப் பாதிக்கும், இலையையும் மண்ணையும் உலர்த்தி அதற்கு வேண்டிய ஈரத்தையும் குறைக்கும்.

இந்த இரண்டையும் பிரித்து எழுதத் தெரிந்தவருக்கே முழுப் புள்ளி.

கவனிக்க: "ஒளிக் குறைவால் நோய் ஏற்பட்டது" என்று எழுதாதீர்கள். நோயை ஏற்படுத்துவது நோயாக்கி. ஒளிக் குறைவு அதற்குச் சாதகமான நிலைமை மட்டுமே. நோயாக்கி இல்லாத மண்ணில் நிழலில் வளரும் நாற்று மெலியும். ஆனால் அடியழுகல் நோய் வராது.

3. ஒளி தாவரத்தைக் காக்கும் வழிகள்

3.1 உணவும் சக்தியும்

எதிர்த்து நிற்பதற்குச் செலவு உண்டு. கலச்சுவரைத் தடிப்பாக்கவும் நோயாக்கியை எதிர்க்கும் சேர்வைகளைத் தொகுக்கவும் காபன் சேர்வைகளும் சக்தியும் வேண்டும். இவை ஒளித்தொகுப்பின் மூலமே கிடைக்கின்றன. ஒளி குறைந்தால் கையிருப்புக் குறையும். இருப்பதைக் கொண்டு உயிர் வாழ்வதா, எதிர்ப்பதா என்ற நிலை தாவரத்துக்கு ஏற்படும்.

3.2 பௌதிகத் தடைகள்

ஒரே மரத்தில் வெய்யிலில் உள்ள இலையையும் உள்ளே நிழலில் உள்ள இலையையும் பறித்து விரலால் தடவிப் பாருங்கள். வெய்யில் இலை பொதுவாகச் சிறியது, தடித்தது. நிழல் இலை அகன்றது, மெல்லியது. வெய்யில் இலையின் மேற்றோலுக்கு வெளியே உள்ள மெழுகுத் தன்மையான புறத்தோலும் தடிப்பாக இருக்கும். பல பங்கசுகள் இப்படையைத் துளைத்தே உட்செல்கின்றன. ஆகவே இது கோட்டை மதில் போன்றது.

தண்டிலும் அப்படியே. போதிய ஒளியில் வளரும் நாற்றின் தண்டு குட்டையாகவும் உறுதியாகவும் இருக்கும். நிழலில் நீண்ட தண்டின் இழையங்கள் மென்மையானவை. மண்ணிலுள்ள நோயாக்கிக்கு அது இலகுவான வாசல்.

3.3 இரசாயனப் பாதுகாப்பு

தாவரத்துக்கு எம்மைப் போல வெண்குருதிக் கலங்கள் இல்லை. ஒவ்வொரு கலமும் தன்னைத் தானே காக்க வேண்டும். நோயாக்கி வந்ததை உணர்ந்ததும் கலத்தில் நடைபெறுவன:

- ஐதரசன் பேரொட்சைட்டு போன்ற தாக்கவீதம் கூடிய ஒட்சிசன் சேர்வைகள் விரைவாக உண்டாகும். இவை நோயாக்கியைத் தாக்குவதோடு அயற் கலங்களுக்கு எச்சரிக்கையாகவும் அமையும்.
- பீனோல் சேர்வைகளும் இலிக்னினும் உண்டாகிக் கலச்சுவர் உறுதியாகும்.
- தாக்கப்பட்ட இடத்தைச் சூழவுள்ள கலங்கள் தாமாகவே இறக்கும். உயிருள்ள கலத்தில் மட்டும் வாழக்கூடிய நோயாக்கி அத்துடன் சிறைப்படும். தீ பரவாமல் இருக்கச் சுற்றியுள்ள புல்லை வெட்டிவிடுவது போன்றது இது.
- சலிசிலிக்கமிலம், யசுமோனிக்கமிலம் ஆகிய ஓமோன்கள் மூலம் தாவரத்தின் மற்றப் பகுதிகளுக்கும் செய்தி செல்லும்.

இங்கே ஒளிக்கு என்ன வேலை? மேற்கூறிய இரண்டு ஓமோன்களின் தொகுப்பும் பச்சையவுருமணியிலேயே ஆரம்பமாகின்றது. ஒளி கிடைக்கும்போது ஒட்சிசன் சேர்வைகள் உண்டாகும் முக்கிய இடங்களுள் ஒன்றும் பச்சையவுருமணியே. ஆகவே பச்சையவுருமணியை "உணவு தயாரிக்கும் இடம்" என்று மட்டும் எண்ணாதீர்கள். அது தாவரத்தின் சமையலறையும் காவல் நிலையமும் ஆகும். இருளில் வைக்கப்பட்ட தாவரங்களில் இப்பாதுகாப்புத் துலங்கல்கள் பல வலுக்குறைந்து காணப்படுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

3.4 ஒளியின் நிறமும் முக்கியம் *

தாவரம் ஒளியின் அளவை மட்டுமன்றி நிறத்தையும் உணர்கின்றது. இலையிலுள்ள பைற்றோகுரோம் என்ற நிறப்பொருள் ஏறத்தாழ 660 நனோமீற்றர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியையும் 730 நனோமீற்றர் அளவிலுள்ள சேய்மைச் சிவப்பு ஒளியையும் உணரும்.

பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சிவிடும். சேய்மைச் சிவப்பைப் பெரும்பாலும் உறிஞ்சாது. எனவே ஒரு பயிரின் இலைகளுக்கிடையே வரும் ஒளியில் சிவப்புக் குறைந்து சேய்மைச் சிவப்பின் விகிதம் கூடியிருக்கும். இதை உணர்ந்த தாவரம் "பக்கத்தில் போட்டியாளர் இருக்கிறார்" என அறிந்து உயர்ந்து வளர முனையும். அதே வேளையில் யசுமோனிக்கமிலம் சார்ந்த பாதுகாப்பும் தாழும். நெருக்கமாக நட்ட பயிரில் நோய் கூடுவதற்கு ஈரப்பதன் மட்டுமே காரணமல்ல என்பது இதிலிருந்து விளங்கும்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஜப்பானில் ஒருவகை அவரையில் நடத்திய ஆய்வுகளில், சிவப்பு ஒளியில் வைத்த இலைகள் இலைப்புள்ளி நோயாக்கியை எதிர்த்து நின்றமை அவதானிக்கப்பட்டது.

3.5 நேரமும் முக்கியம் *

கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடொப்சிசு என்ற சிறு தாவரத்தில் 2008 இல் வெளியான ஓர் ஆய்வு சுவையானது. காலையில் அல்லது நண்பகலில் பற்றீரியா தொற்றச் செய்த தாவரங்களில் சலிசிலிக்கமிலம் அதிகம் சேர்ந்தது. மாலையில் அல்லது இரவில் தொற்றச் செய்தவற்றில் அது குறைவாக இருந்தது. தொற்று ஏற்பட்ட பின்னர் கிடைக்கும் ஒளி நேரமே வித்தியாசத்துக்குக் காரணம் என விளக்கப்பட்டது.

4. ஒளி எப்போதும் நன்மையானதா?

இல்லை. நல்ல விடையில் மறுபக்கமும் இருக்க வேண்டும்.

(அ) இலைவாய் என்ற கதவு: பகலில் ஒளி கிடைக்கும்போது பெரும்பாலான தாவரங்களின் இலைவாய்கள் திறக்கும். காபனீரொட்சைட்டு உட்செல்லும் அதே வாசலால் பற்றீரியாவும் உட்செல்லலாம். பற்றீரியாவை உணர்ந்த காவற்கலங்கள் இலைவாயை மூடிவிடும் என்பது 2006 இல் காட்டப்பட்டது. ஆனால் சில பற்றீரியாக்கள் ஒரு நச்சுப் பொருளைச் சுரந்து, சில மணித்தியாலங்களில் அதைத் திரும்பவும் திறக்கச் செய்கின்றன.

(ஆ) ஒளியை ஆயுதமாக்கும் பங்கசு *: சேர்க்கோசுப்பொரா என்ற பங்கசு இனங்கள் பல சேர்க்கோசுப்பொரின் என்ற செந்நிற நச்சுப் பொருளை உண்டாக்குகின்றன. இது ஒளி பட்டால் மட்டுமே வேலை செய்யும். ஒளிச் சக்தியைப் பெற்றுத் தாக்குதிறன் கூடிய ஒட்சிசனை உண்டாக்கித் தாவரத்தின் கலமென்சவ்வுகளைச் சிதைக்கும். தாவரத்துக்குக் காவலாக இருந்த ஒளியே இங்கே எதிரியின் கையில் கத்தியாகின்றது.

(இ) மிகையான ஒளி: கடும் வெய்யிலில் இலையும் காயும் கருகலாம். கருகிய இழையம் நோயாக்கிகள் நுழையும் காயமாக மாறும். ஆகவே இளம் நாற்றுக்களுக்குத் தற்காலிக நிழல் கொடுப்பது பிழையல்ல. அதை நேரத்துக்கு எடுக்காமல் விடுவதுதான் பிழை.

5. உதாரணக் கற்கை: தேயிலையின் கொப்புள வெளிறல் நோய்

மலையக மாணவர்களுக்கு இந்நோயைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. இது 19 ஆம் நூற்றாண்டிலேயே அசாமில் அறியப்பட்டிருந்தது. இலங்கைக்கு 1946 இல் வந்தது. நோயாக்கி எக்சோபசீடியம் வெக்சன்சு என்ற பங்கசு.

இது முற்றிய இலையைத் தாக்குவதில்லை, இளந்தளிரையே தாக்கும். முதலில் எண்ணெய் பட்டது போன்ற சிறு புள்ளி தோன்றும். பின்னர் இலையின் மேற்பக்கம் குழிந்து, கீழ்ப்பக்கம் வெண்ணிறக் கொப்புளமாகப் புடைக்கும். அங்கிருந்து வித்திகள் காற்றில் பரவும். முழு வட்டமும் ஏறத்தாழ மூன்று, நான்கு கிழமைகளில் முடிந்து அடுத்த தளிர்களில் ஆரம்பிக்கும். கூடையில் சேர வேண்டிய கொழுந்தே பாதிக்கப்படுவதால் நட்டம் நேரடியாகக் கொழுந்து பறிப்பவரின் நிறையிலும் தெரியும். கவ்வாத்து வெட்டிய மலைகளில் புதிதாக வரும் தளிர் முழுவதும் இளசு. ஆகவே ஆபத்து அங்கே அதிகம்.

இப்பங்கசின் வித்திகள் நேரடி வெய்யிலையும் வறட்சியையும் தாங்கமாட்டா. முளைப்பதற்கு இலையில் ஈரம் நீண்ட நேரம் நிற்க வேண்டும். ஆகவே மழையும் மூடுபனியும் சேர்ந்து பல நாட்கள் வெய்யில் இல்லாவிட்டால் நோய் வேகமாகப் பரவும். வெய்யில் நேரத்துக்கும் மழைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு பற்றி இலங்கையில் நடத்தப்பட்ட ஆய்வு 1961 இல் வெளியானது. நாளொன்றுக்கு எத்தனை மணித்தியாலம் வெய்யில் கிடைத்தது என்பதைக் கணக்கிட்டு, பங்கசுநாசினி விசிற வேண்டுமா இல்லையா எனத் தீர்மானிக்கும் முறைக்கு இத்தகைய ஆய்வுகள் வழிவகுத்தன. தேவையற்ற விசிறலைத் தவிர்த்தால் செலவும் மிச்சம், விசிறுபவரின் உடல்நலத்துக்கும் நன்மை.

நிழல் மரங்களின் நிலைமையையும் பாருங்கள். தேயிலைக்கு நிழல் மரங்கள் வேண்டும். ஆனால் பருவமழை வருமுன் அவற்றின் கிளைகளை வெட்டி ஐதாக்குவார்கள். ஒளியும் காற்றும் உள்ளே புகுந்து இலைகள் விரைவில் உலரும். நிழல் வேண்டும், ஆனால் அளவாகவும் காலமறிந்தும் வேண்டும்.

கவனிக்க: இந்த உதாரணத்தில் ஒளி பிரதானமாக இரண்டாம் வழியில், அதாவது நோயாக்கியின் மீதும் ஈரத்தின் மீதும் தொழிற்படுகின்றது. "ஒளி தேயிலையின் எதிர்ப்பைக் கூட்டுகின்றது" என்று மட்டும் எழுதினால் விடை குறையுடையது.

6. செயற்பாடு

ஒரே அளவான இரண்டு தட்டுக்களில் ஒரே மண்ணை நிரப்பி, ஒவ்வொன்றிலும் 20 மிளகாய் விதைகளை நடுக. முளைத்த பின் தட்டு 'அ' வை வெய்யில் படும் இடத்திலும் தட்டு 'ஆ' வை அடர்ந்த நிழலிலும் வைக்குக. மூன்று கிழமைகளுக்கு நாற்றின் உயரம், தண்டின் தடிப்பு, இலையின் நிறம், சாய்ந்த நாற்றுக்களின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பதிவு செய்க.

ஒரு சிக்கலைக் கவனியுங்கள். இரண்டுக்கும் ஒரே அளவு நீர் ஊற்றினால், நிழலிலுள்ள மண் மெதுவாக உலரும்; ஆகவே அது கூடிய ஈரமாக இருக்கும். 'ஆ' வில் நாற்றுக்கள் சாய்ந்தால் காரணம் ஒளிக் குறைவா, மிகை ஈரமா? இரண்டு மாறிகள் ஒன்றாக மாறியதால் உறுதியாகக் கூற முடியாது. மண்ணைத் தொட்டுப் பார்த்து, இரண்டிலும் ஈரம் ஏறத்தாழச் சமமாக இருக்கும்படி நீர் ஊற்றினால்தான் ஒப்பீடு நியாயமாகும். "கட்டுப்படுத்த வேண்டிய மாறி யாது?" என்ற வினாவுக்கு இது நல்ல விடை.

7. பிரயோகங்கள்

- நாற்றுமேடையைத் திறந்த, நீர் வடியக்கூடிய இடத்தில் உயர்த்தி அமைத்தல்.
- விதைகளை ஐதாக இடல். நெருக்கமான நாற்றுக்களை ஐதாக்கல்.
- தற்காலிக நிழலைப் படிப்படியாக நீக்கி, நடுகைக்கு முன் நாற்றுக்களை வன்மைப்படுத்தல்.
- காலையில் நீர் ஊற்றல். மாலையில் ஊற்றினால் இலை இரவு முழுவதும் ஈரமாக இருக்கும்.
- சிபாரிசு செய்யப்பட்ட நடுகை இடைவெளியைப் பேணல்; களை அகற்றல்; கத்தரித்துப் பயிற்றுவித்தல்.
- ஈரமான மண்ணை ஒளிபுகும் பொலித்தீனால் சில கிழமைகள் மூடிச் சூரிய வெப்பத்தால் தொற்று நீக்கல். (இது ஒளி தாவரத்தில் ஏற்படுத்தும் விளைவு அல்ல, வெப்பம் நோயாக்கியை அழிப்பது.)
- முகில் மூடிய காலத்தில் நெல்லுக்கு நைதரசன் பசளையை மிகையாக இடாதிருத்தல். ஒளி குறைந்து நைதரசன் கூடினால் இழையம் மென்மையாகி எரிபந்த நோய்க்குச் சாதகமாகும்.

8. மாதிரி வினாக்கள்

(1) நிழலில் வளர்ந்த நாற்றின் இயல்பாக அமையாதது எது?
(i) நீண்ட தண்டு (ii) மெல்லிய இலை (iii) தடித்த புறத்தோல் (iv) மென்மையான இழையம்

(2) கொப்புள வெளிறல் நோய் விரைவாகப் பரவச் சாதகமான நிலைமை,
(i) வறண்ட காற்றும் கடும் வெய்யிலும் (ii) மூடுபனியும் குறைந்த வெய்யில் நேரமும் (iii) முற்றிய இலைகள் நிறைந்த செடிகள் (iv) நிழல் மரங்கள் ஐதாக்கப்பட்ட தோட்டம்

(3) அமைப்புக் கட்டுரை வினா
விவசாயி ஒருவர் பெரிய மரமொன்றின் கீழ் மிளகாய் நாற்றுமேடை அமைத்தார். மூன்றாம் கிழமையில் நாற்றுக்கள் மண்மட்டத்தில் மெலிந்து சாய்ந்தன.
(அ) இந்நோயின் பெயர் யாது? (1 புள்ளி)
(ஆ) நிழல் இந்நோய்க்குச் சாதகமாக அமைந்த இரு வழிகளை விளக்குக. (4 புள்ளிகள்)
(இ) "விதை தரமற்றது" என்ற முடிவுக்கு வருமுன் அவர் கவனித்திருக்க வேண்டிய அவதானிப்பு ஒன்றைக் கூறுக. (2 புள்ளிகள்)
(ஈ) அடுத்த முறை அவர் செய்ய வேண்டிய மூன்று விடயங்களைக் குறிப்பிடுக. (3 புள்ளிகள்)

விடைகள்

(1) iii   (2) ii

(3) (அ) அடியழுகல் நோய்.
(ஆ) தாவரத்தின் மீது: ஒளி குறைந்ததால் ஒளித்தொகுப்புக் குறைந்து தண்டு நீண்டு மெலிந்தது, பௌதிக, இரசாயனப் பாதுகாப்பு வலுக்குறைந்தது (2). நோயாக்கியின் மீது: மண் உலராமல் ஈரமாக இருந்ததால் மண்ணிலுள்ள நோயாக்கி பெருகிப் பரவியது (2).
(இ) விதைகள் நன்றாக முளைத்திருந்தமை. முளைத்த பின்னரே நாற்றுக்கள் பரவலாகச் சாய்ந்தமை.
(ஈ) திறந்த இடத்தில் உயர்த்திய மேடை, ஐதாக விதையிடல், மண்ணைத் தொற்று நீக்கல், அளவாக நீர் ஊற்றல். (ஏதாவது மூன்று)

மாணவர்களே, (இ) பகுதியை நான் வேண்டுமென்றே சேர்த்தேன். அந்த ஒரு அவதானிப்பை அன்று எங்கள் வீட்டில் யாராவது செய்திருந்தால், ஒரு சண்டையும் ஒரு போகமும் மிஞ்சியிருக்கும். இப்பாடத்தை முடித்த கையோடு உங்கள் வீட்டு நாற்றுமேடையை, பூச்சாடியை, தோட்டத்தின் மூலையை ஒருமுறை போய்ப் பாருங்கள். எங்கே ஒளி விழுகின்றது, எங்கே விழவில்லை, எங்கே இலை நோயுற்றிருக்கின்றது என்று குறித்து வையுங்கள். பரீட்சை மண்டபத்தில் மனனம் செய்தது மறந்துபோகலாம். கண்ணால் கண்டது மறக்காது.

பரீட்சையில் சித்தியடைய வாழ்த்துக்கள்!